சாட்சிக்கு அழைக்கப்படும் கவிஞர்

ஒவ்வொரு தீபாவளிக்கும் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு கடைகள் திறக்கின்றன. ஒன்று துன் சம்பந்தன் சாலை ஓரத்தில் முறுக்கு, புடவை, கோலமாவு என்று கூடாரம் போட்டு நடப்பது. மற்றது நம் கைபேசிக்குள் நடப்பது. இந்த இரண்டாவது கடையில் நரகாசுரன் தமிழ் மன்னன்; தீபாவளி அவன் கொலையுண்ட நாள்; அசுரர் என்றால் நாம், தேவர் என்றால் வந்தேறிகள். மறுத்துப் பேசுகிறவரின் வாயை அடைக்கக் கடைசியில் ஒரு வெளிநாட்டுச் சாட்சி கூண்டில் ஏற்றப்படுவார். "ஈரான்ல அசுரன்தான் கடவுள், தேவன்தான் பேய். ஜரதுஷ்டிரரே சொல்லியிருக்காரு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

இந்தக் கட்டுரை அந்தச் சாட்சியைப் பற்றியது. தீபாவளி கொண்டாடலாமா கூடாதா என்கிற பட்டிமன்றத்துக்குள் நான் போகப்போவதில்லை. என் புகார் வேறு. ஜரதுஷ்டிரரை நாம் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிடுகிறோம். ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். பதிலையும் நாமே சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர் பாடியவை என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் பாடல்கள் பதினேழு இருக்கின்றன. அவற்றைப் படித்த எவரும் இந்த வழக்குக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிட மாட்டார் என்பது என் எண்ணம்.

முதலில், இந்த வாதம் ஏன் இவ்வளவு பேரைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். கிண்டல் செய்துவிட்டுப் போவது எளிது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கியபோது தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அவர் பேச்சு என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி வந்தும் சாதி கூடவே வந்திருந்தது. புராணத்தில் தோற்றவன் பக்கம் நின்று கதையைத் திருப்பிச் சொல்லலாம் என்ற எண்ணம், அந்த மக்களுக்கு வெறும் இலக்கிய உத்தியாக இருந்திருக்காது.

கிள்ளானில் ஒரு வாசகர் சந்திப்பு முடிந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இதையே வேறு விதமாகச் சொன்னார். "தம்பி, எங்க தோட்டத்துல திருவிழான்னா எங்க ஆளுங்க கடைசியிலதான் நிக்கணும். சாமி ரதம் எங்க லயத்துப் பக்கம் திரும்பாது. அப்புறம் ஒருத்தர் வந்து, 'நீங்கதாண்டா அசுரர், நீங்கதான் இந்த மண்ணோட பழைய ராஜா'ன்னு சொன்னாரு. அன்னிக்குத்தான் நான் முதுகை நிமிர்த்தி நடந்தேன். நீங்க மொழியியல் கிழியியல்னு சொல்லி அதைப் புடுங்கப் பாக்குறீங்க."

"உங்க முதுகை யாரும் வளைக்க முடியாதுங்க ஐயா. ஆனா அதுக்கு ஈரான்ல இருந்து ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

சாட்சி சொல்வதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. வேத மொழியின் அசுர என்ற சொல்லும் அவெஸ்தா மொழியின் அஹுர என்ற சொல்லும் ஒன்றே. வேத மொழியில் ச ஒலி வரும் பல இடங்களில் அவெஸ்தாவில் ஹ வரும். சோமம் அங்கே ஹவோமம். சப்த அங்கே ஹப்த. சிந்து அங்கே ஹிந்து. தேவ என்பது அங்கே தைவ. ஜரதுஷ்டிரரின் கடவுள் அஹுர மஸ்தா, அதாவது ஞானமே உருவான தலைவன். தைவர்கள் அவர் பாடல்களில் வணங்கத் தகாதவர்கள்; பிந்திய நூல்களில் அவர்கள் முழுப் பேய்களாகவே ஆகிவிடுகிறார்கள். இதுவரை கைபேசிக் கடை சொல்வது சரிதான்.

அடுத்த படியில்தான் வாதம் வழுக்குகிறது. ரிக்வேதத்தின் பழைய பகுதிகளில் அசுர என்பது வசைச்சொல்லே கிடையாது. வருணனுக்கும் மித்திரனுக்கும் அக்னிக்கும் அது மரியாதைப் பட்டம். இந்திரனைக்கூட அசுரன் என்று அழைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த நூல்களில்தான் அந்தச் சொல் தேவர்களின் எதிரி என்ற பொருளில் இறுகிப் போனது. அதாவது சொல்லின் பொருள் மாறிய வரலாறு ஒரே மொழிக் குடும்பத்துக்குள், இரண்டு கிளைகளில், தனித்தனியாக நடந்திருக்கிறது. வேத மக்களும் ஈரானியரும் மதச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள், அதனால்தான் ஒருவர் சாமி இன்னொருவருக்குப் பேய் ஆனது என்பது 19ஆம் நூற்றாண்டில் புனேயில் சமஸ்கிருதம் கற்பித்த ஜெர்மானியர் மார்ட்டின் ஹவுக் பரப்பிய விளக்கம். பிந்திய ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நம் கைபேசிகளில் மட்டும் அது இன்னும் புத்தம் புதுசாகச் சுற்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அவெஸ்தா தன் மக்களை அழைக்கும் பெயர் ஐர்ய. வேதத்தின் ஆரிய என்ற அதே சொல். ஈரான் என்ற நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆரியரை எதிர்க்கும் வழக்கில் நாம் கூண்டில் ஏற்றியிருப்பவர், குறுக்கு விசாரணையில் முதல் கேள்விக்கே "நான் ஐர்யன்" என்று சொல்லக்கூடிய மரபைச் சேர்ந்தவர். இப்படிப்பட்ட சாட்சியை எந்த வக்கீலாவது கூப்பிடுவாரா, நீங்களே சொல்லுங்க.

நரகாசுரன் கதையை மறுவாசிப்பு செய்ய இந்தச் சாட்சி தேவையும் இல்லை. ஒரு கொலையைக் கொண்டாடுவது சரியா என்பது யாரும் தன் அறிவைக் கொண்டு கேட்கக்கூடிய கேள்வி. தோட்டத்து லயத்துப் பக்கம் ரதம் திரும்பாதது அநியாயம் என்று சொல்ல எந்த வேர்ச்சொல்லும் வேண்டியதில்லை.

*

சரி, அப்படியென்றால் இந்த ஆள் யார்?

நம் தலைமுறையில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களில் பலருக்கும் அது நீட்ஷே வழியாக வந்தது. 1883 முதல் 1885 வரை பகுதி பகுதியாக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தின் ஜரதுஷ்டிரன் மலையிலிருந்து இறங்கி வந்து கடவுளின் மரணத்தைப் பேசுகிறான். பழைய தீர்க்கதரிசிக்கும் இவனுக்கும் ஒத்த கருத்து அநேகமாக ஒன்றுமே கிடையாது. 1888இல் தன்னைப் பற்றி எழுதிய நூலில் நீட்ஷே காரணத்தையும் சொல்லிவிட்டார்: உலகத்தை நன்மை தீமைப் போராகப் பார்க்கும் பிழையைத் தொடங்கி வைத்தவர் ஜரதுஷ்டிரர்; அந்தப் பிழையை முதலில் உணர வேண்டியவரும் அவரே. அதாவது பெயரை இரவல் வாங்கி, அவர் சொன்னதற்கு நேர் எதிராகப் பேச வைத்தார். அதுவும் ஒருவகையில் சாட்சியை மிரட்டி வாக்குமூலம் வாங்குவதுதான். என்ன, நீட்ஷே தான் செய்வதை ஒளிக்கவில்லை.

மலேசியாவில் படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. மலாயில் மஜுசி என்ற சொல்லைக் கேட்டிருப்போம். குர்ஆனின் 22ஆம் அத்தியாயத்தில் யூதர், கிறிஸ்தவர் முதலானவர்களோடு பெயர் சொல்லப்படும் சமயத்தார் அவர்கள். நெருப்பைக் கும்பிடுகிறவர்கள் என்ற ஒற்றை வரி விளக்கத்தோடு அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

எந்தக் கதவு வழியாகப் போனாலும் அந்தப் பதினேழு பாடல்கள் கண்ணில் படுவதில்லை. அவற்றுக்குக் காதா என்று பெயர். ஜொராஸ்டிரியர்களின் முக்கிய வழிபாட்டு நூலான யஸ்னாவில் 72 அத்தியாயங்கள் உண்டு. அதன் நடுவே, 28 முதல் 34 வரையும், 43 முதல் 51 வரையும், பிறகு 53உம் காதாக்கள். மற்ற பகுதிகளைவிட இவற்றின் மொழி பழையது. ரிக்வேத மொழிக்கு மிக நெருக்கமானது. காதாக்களைத் தனியே பிரித்து, ஜரதுஷ்டிரரின் சொந்தக் குரல் இங்கேதான் இருக்கிறது என்று அழுத்திச் சொன்னவரும் மேலே நான் குறை சொன்ன அதே ஹவுக்தான். ஒருவர் ஒரு விஷயத்தில் தவறாகவும் இன்னொன்றில் கண் திறப்பவராகவும் இருக்கலாம்.

அவர் காலம் எது? கிரேக்கர்களில் சிலர் பிளேட்டோவுக்கு 6000 ஆண்டுகளுக்கு முன் என்றார்கள். ஜொராஸ்டிரிய மரபு ஒன்று அலெக்சாந்தருக்கு 258 ஆண்டுகளுக்கு முன் என்கிறது. மொழியை வைத்துக் கணக்கிடும் அறிஞர்கள் பலர் பொ.மு. 1500க்கும் 1000க்கும் இடையில் வைக்கிறார்கள். இது நமக்குப் பழகிய தலைவலிதான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி வள்ளுவரைப் பொ.மு. 31இல் பிறக்க வைக்கிறது. ஆய்வாளர்கள் பலர் அவரைச் சில நூற்றாண்டுகள் தள்ளிக் கொண்டுவருகிறார்கள்.

ஊர் விஷயமும் அப்படித்தான். அவரை எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடும் இடங்கள் ஈரானின் மேற்கிலும் உண்டு, வடக்கிலும் உண்டு. பாடல்களின் மொழியோ கிழக்கு ஈரானியப் பகுதியையும் மத்திய ஆசியாவையும் பார்க்கச் சொல்கிறது. காதாக்களில் நகரம் இல்லை, பேரரசன் இல்லை. மாடு இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது, மாட்டைக் கவர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இது அந்நிய உலகமா?

அவர் பெயருக்குள்ளேயே ஓர் ஒட்டகம் நிற்கிறது. ஜரதுஷ்டிர என்பதன் பின்பாதி உஷ்டிர, ஒட்டகம். முன்பாதிக்குப் பொருள் என்ன என்பதில்தான் சண்டை. 'முதிர்ந்த ஒட்டகங்களை உடையவர்' என்பார்கள், 'ஒட்டகம் ஓட்டுபவர்' என்பார்கள். வடமொழி உஷ்டிரம் பிராகிருதத்தின் வழியாகத் தேய்ந்து நம்மிடம் ஒட்டகம் ஆனது என்பது அறிஞர்கள் கருத்து. தொல்காப்பிய மரபியலிலேயே அது வந்துவிட்டது. அசுரனைத் தேடி ஈரான் வரை போனவர்கள், அவர் பெயரிலேயே நம் சொல் ஒன்று நிற்பதைக் கவனிக்காமல் திரும்பியிருக்கிறார்கள்.

பாடல்களுக்குப் பிறகு கதைகள் வளர்ந்தன. அவர் பிறந்தவுடன் அழாமல் சிரித்தார். ரோமானியரான பிளினியே இதை எழுதி வைத்திருக்கிறார். விஷ்தாஸ்பன் என்ற மன்னனின் குதிரைக்குக் கால்கள் நான்கும் வயிற்றுக்குள் போய்விட்டன. இவர் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். 77ஆம் வயதில் கொலையுண்டார். இவற்றில் ஒன்றுகூடக் காதாவில் இல்லை. வள்ளுவர் கூப்பிட்டதும் வாசுகி அம்மையார் பாதியில் விட்டுப்போன கயிறு கிணற்றில் அந்தரத்தில் நின்றது குறளில் இல்லாதது போலத்தான். எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். ஒருவரைப் பின்னால் வந்தவர்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அவை நல்ல ஆதாரம். அவர் யார் என்பதற்கு ஆதாரம் பாடல்கள்தான்.

*

மூன்று பாடல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேற்கோள் காட்டப் போவதில்லை. ஒரே பாடலுக்கு இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்தால் சில வரிகள் இரண்டு வேறு பாடல்கள் மாதிரி இருக்கின்றன. காதாக்கள் அவ்வளவு சிறியவை, அவ்வளவு செறிவானவை. வேறு எங்குமே வராத சொற்கள் நிறைய. அதனால் எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் ஒப்புக்கொள்ளும் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

யஸ்னா 29 ஒரு நாடகம். பசுவின் ஆன்மா வானத்தை நோக்கி முறையிடுகிறது. கொடுமையும் வன்முறையும் என்னைச் சூழ்ந்திருக்கின்றன, என்னை எதற்காகப் படைத்தீர்கள், எனக்குக் காவலன் யார் என்று கேட்கிறது. மேலே ஆலோசனை நடக்கிறது. தகுதியான காவலன் கிடைக்கவில்லை. கடைசியில், எங்கள் போதனையைக் கேட்ட ஒரே ஆள் இருக்கிறார் என்று ஜரதுஷ்டிரரின் பெயர் சொல்லப்படுகிறது. பசு என்ன செய்கிறது தெரியுமா? அழுகிறது. வலிமையுள்ள தலைவன் ஒருவனை நான் கேட்டேன். சக்தியில்லாத ஒரு மனிதனின் குரலா எனக்குக் கிடைத்தது என்று புலம்புகிறது.

பசு என்பது பசுதானா, உருவகமா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும், ஒரு மதத்தின் மூலப் பாடல்களுக்குள் அதன் தீர்க்கதரிசி அறிமுகமாகும் இடம் இது. அவரைப் பார்த்து ஏமாந்துபோகும் உரிமையைப் பாடல் ஒரு பசுவுக்குக் கொடுக்கிறது. மனுநீதிச் சோழன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் முறையிடுவது பசுதான். ஆனால் திருவாரூர்ப் பசுவுக்கு மணி இருக்கிறது, மணிச்சத்தம் கேட்டு இறங்கி வர மன்னன் இருக்கிறான், மகன் மேலேயே தேரை ஓட்டும் அளவுக்கு அவனிடம் அதிகாரம் இருக்கிறது. நம் பசுவுக்கு அரசன் கிடைத்தான். அந்தப் பசுவுக்குக் கவிஞர்தான் கிடைத்தார். நீதி என்றாலே அதிகாரத்தில் இருப்பவர் இறங்கி வந்து வழங்குவது என்று பழகிய எனக்கு, இந்த இரண்டாவது பசுவின் ஏமாற்றம்தான் நம் நிலைமைக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

யஸ்னா 44 முழுக்கக் கேள்விகள். இருபது செய்யுள்களில் பத்தொன்பது ஒரே மாதிரித் தொடங்குகின்றன: இதை உன்னிடம் கேட்கிறேன், உள்ளபடி சொல் என்ற பொருளில். சூரியனுக்கும் விண்மீன்களுக்கும் பாதை போட்டது யார், நிலவு வளர்வதும் தேய்வதும் யாரால், வானம் விழாமல் தாங்குவது யார் என்று மேலே மேலே போகிறது. இவற்றுக்குப் பதில் 'நீதான்' என்பது உள்ளுறையாகப் புரிகிறது. பிறகு கேள்விகள் தரைக்கு இறங்குகின்றன. நான் பேசிக்கொண்டிருப்பவர்களில் உண்மையின் பக்கம் நிற்பவர் யார்? பாடலின் கடைசிப் பகுதியில், எனக்கு வாக்களித்த பத்துப் பெண்குதிரைகளும் ஓர் ஆண்குதிரையும் ஓர் ஒட்டகமும் கிடைக்குமா என்றே கேட்டுவிடுகிறார். சங்க இலக்கியம் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இது புறத்துறையில் பரிசில் கடாநிலை! பெருஞ்சித்திரனாரின் வீட்டுப் பசியைப் படித்த நாம் இதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். வானத்தைத் தாங்குபவன் யார் என்று கேட்ட அதே வாய் கூலியையும் கேட்கிறது. யஸ்னா 46இல் நிலைமை இன்னும் மோசம். உறவும் குலமும் ஒதுக்கிவிட்டன, எந்த நிலத்துக்குப் போவது என்று தெரியவில்லை. தான் வலுவிழந்திருப்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: மாடு கொஞ்சம், ஆள் கொஞ்சம். கபிலருக்குப் பாரி மாதிரி ஒரு விஷ்தாஸ்பன் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மூன்றாவது, யஸ்னா 30. நம் வழக்கின் மையம் இதில்தான் இருக்கிறது. ஆதியில் இரட்டையரான இரண்டு மனநிலைகள். ஒன்று நல்லது, மற்றது கெட்டது. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும். இரண்டில் ஒன்றை ஒவ்வொருவரும் தனக்காகத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது பாடல். தைவர்கள் ஏன் தைவர்கள் ஆனார்கள்? பிறப்பாலா? காதா அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் தேர்வு பிழைத்தது, அதனால் தீமையின் பக்கம் ஓடினார்கள் என்கிறது. அசுர குலம், தேவ குலம் என்று பிறப்பை வைத்து நடக்கும் வழக்குக்குச் சாட்சியாக நாம் அழைத்து வந்தவர், பக்கம் என்பது பிறப்பில் கிடைப்பதில்லை, தேர்ந்தெடுப்பது என்று பாடியவர். குறளில் பிறப்பு பற்றிய அந்த 972ஐ மனப்பாடமாகச் சொல்லும் கிள்ளான் பெரியவருக்கு நான் காட்ட விரும்புவது இந்தப் பாடலைத்தான். அசுரன் என்ற பட்டத்தைவிட இது அவருக்கு அதிகம் உதவும்.

அவரை ஒரே அடியாக மென்மையானவராக ஆக்கிவிடவும் நான் தயாரில்லை. அவர் பூசாரி; சடங்கு தெரிந்தவர்; கடவுளோடு நேரடியாகப் பேசுவதாக நம்பியவர். பொய்யின் பக்கம் நிற்பவர்களை ஆயுதத்தால் தடுக்கச் சொல்லும் இடமும் காதாவில் உண்டு. உலகத்தை இரண்டாகக் கிழிக்கும் பார்வையில் இருக்கும் ஆபத்தை நீட்ஷே மோப்பம் பிடித்தது சும்மா இல்லை.

*

தேர்வைப் பாடியவரின் மதத்துக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் செய்வதும் ஒரு வகை வக்கீல் வேலைதான். இந்தியாவின் பார்சிகளிடையே 1908இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. டாடா குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை மணந்து, மதமும் மாறிய பிரெஞ்சுப் பெண்ணுக்குச் சமூகத்தின் அறக்கட்டளைச் சொத்துகளில் உரிமை உண்டா என்பது கேள்வி. பார்சி என்பது வம்சாவளியைக் குறிக்கும். மதம் மாறுவதால் மட்டும் ஒருவர் பார்சி ஆகிவிட முடியாது என்ற திசையில் தீர்ப்பு போனது. தந்தை பார்சியானால் பிள்ளைக்கு இடம் உண்டு. தாய் மட்டும் பார்சி என்றால்? அந்த வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர். அதற்குப் பத்தாண்டு முன்பு 69,601.

ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தொடங்கிய குரல், யாருக்கு யார் பிறந்தார் என்று பதிவேட்டைப் புரட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை இங்கிருந்து ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சின்னச் சமூகத்தின் பயம் எப்படிப்பட்டது என்று இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் எண்ணிக் கவலைப்படுகிற நமக்குத் தெரியும். எண்ணிக்கை குறையக் குறைய வேலியை உயர்த்தத்தான் தோன்றும். வேலிக்கு உள்ளே இருப்பது என்ன என்று கேட்பதுதான் கடினம். அசுர வம்சம் என்று நாம் போட்டுக்கொள்ளும் வேலிக்கும் அதே கேள்விதான்.

இந்த மதத்தாருக்கும் நமக்கும் உறவே இல்லையா என்றால், உண்டு. அசுரனைவிட உறுதியான ஆதாரங்களோடு உண்டு. 849இல் கொல்லத்தில் வெட்டப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகளைச் சொல்கிறது. எழுத்து வட்டெழுத்து. வணிகர் குழுவான மணிக்கிராமம் அதில் பேசப்படுகிறது. கடைசியில் சாட்சிகள் அரபு, ஹீப்ரு, பஹ்லவி எழுத்துகளில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். பஹ்லவியில் கையெழுத்து போட்டவர்களில் ஜொராஸ்டிரியர்களும் இருக்கிறார்கள். அதே மணிக்கிராமத்தின் பெயர் அதே 9ஆம் நூற்றாண்டில் நம் தீபகற்பத்திலும் வருகிறது: இன்றைய தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில், ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. சென்னை ராயபுரத்தில் 1910 முதல் ஒரு தீக்கோயில் இருக்கிறது. காதாக்களை உள்ளடக்கிய அவெஸ்தாவை 1771இல் முதன்முதலாக ஐரோப்பிய மொழியில் வெளியிட்ட ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர், அதைத் தேடி இந்தியாவுக்கு வந்தபோது 1755இல் இறங்கிய இடம் புதுச்சேரி. சூரத்துக்குப் போய்ப் பார்சி குருமார்களிடம் பாடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

கொல்லத்துச் சாட்சிகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் தாங்கள் நேரில் பார்த்த ஒன்றுக்கு, தங்கள் சொந்த எழுத்தில், சொந்தப் பெயரில் கையெழுத்து போட்டார்கள். நாம் கூண்டில் ஏற்றும் ஜரதுஷ்டிரருக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. அவருக்கு நரகாசுரனைத் தெரியாது, திராவிடத்தைத் தெரியாது, நம் வழக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்தது மாடு, பொய் பேசும் தலைவர்கள், வாக்குத் தவறும் புரவலர்கள், பதில் வராத இரவுகள். இவற்றைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வார்.

பதினேழு பாடல்கள்தான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கொமியூட்டரில் போய்வரும் நேரத்தில் மூன்று நான்கு படித்துவிடலாம். முதலில் 29ஐப் படியுங்கள். முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வேறுபடுகின்றன என்று குறித்து வையுங்கள். பிறகு, பசு தன் ஏமாற்றத்தைச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வலிமையுள்ளவனைக் கேட்டு, பாடத் தெரிந்தவனைப் பெற்றதற்காக அது அழுதது நியாயமா இல்லையா என்று அடுத்த வாசகர் சந்திப்பில் பேசுவோம். என்னிடம் இன்னும் முடிவான பதில் இல்லை.